லவோன் நெட்டச்சியைப் பார்க்கப் போனது

லவோன் ப்ரூயிட் 1940ஆம் ஆண்டு நியூ மெக்சிகோவின் டூக்கும்காரியில் பிறந்தவர். அறுபத்தாறாம் நெடுஞ்சாலையின் ஓரத்தில், பாம்புத்தோல் வார்களும் மணிமாலைகளும் விற்ற ஒரு கடையில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். நான் அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவள். முதுகலை ஆய்வுக்காகச் சாலையோரக் கடைக்காரர்களின் வாழ்க்கையைப் பதிவு செய்யத் தொடங்கியபோது முதலில் அவரிடம்தான் போனேன்.

எங்கள் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கடைக்காரர், தம் கடைக்கு மேற்கே இருக்கும் வேடிக்கைகளை வருவோரிடம் சொல்லி அனுப்புவார். அங்கிருக்கும் கடைக்காரர்களும் தமக்கு மேற்கே இருப்பவற்றைச் சொல்லி அனுப்புவார்கள். லவோன் பலவற்றைச் சொன்னாலும், யாரிடமும் சொல்லத் தவறாதது ஒன்று: அரிசோனாவில், ஹோல்புரூக் தாண்டி, ஒரு பெட்ரோல் நிலையத்தின் முன்னால் நிற்கும், மாடு மேய்க்கும் பெண்ணின் தகரப் பொம்மை. இருபத்தைந்து அடி உயரம். சாலைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் நெட்டச்சி.

அந்த நெட்டச்சியை லவோன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

காரணத்தை அவர் என்னிடம் சொன்னது, கணவர் வெர்ல் இறந்து ஓராண்டு கழிந்த பிறகு. லவோனுக்குப் பதினெட்டு வயதானபோது, டெல்பர்ட் என்ற விளம்பர ஓவியன் ஒருவன் இவர் வீட்டாரின் கடைச் சுவரில் எழுத்து எழுத வந்தான். வேலை முடிந்த பின்னும் ஒரு வாரம் தங்கினான். இவரை உட்காரவைத்து முகத்தைப் படம் வரைந்தான். அரிசோனாவில் ஒரு பெரிய பொம்மைக்கு வண்ணமடிக்கப் போவதாகவும், அதற்கு இந்த முகத்தையே வைப்பதாகவும், இடது கன்னத்து மச்சத்தைக்கூட விடமாட்டேன் என்றும் சொல்லிப் போனான். அதற்கடுத்த வசந்தத்தில் லவோனுக்கும் வெர்லுக்கும் திருமணம் நடந்தது.

"அப்புறம் ஏன் போய்ப் பாக்கல?" என்று கேட்டேன்.

"கடைய யாரு பாக்குறது? வாரம் ஏழு நாளும் திறந்திருக்கணும். வெர்ல் கிறிஸ்துமஸ் அன்னிக்கே அரை மனசோடதான் கதவ சாத்துவாரு."

"போனவங்ககிட்ட கேட்டிருக்கலாமே, உங்க ஜாடை இருக்கான்னு?"

"எங்க கேக்குறது கண்ணு? வெர்ல் கல்லாவுல உக்காந்திருப்பாரு. 'போய்ப் பாருங்க'ன்னு மட்டும் சொல்லுவேன். போறவங்க எல்லாம் கலிஃபோர்னியாவுக்குப் போறவங்க. எவன் திரும்பி வந்தான்?"

ஜூன் மாதத்தில் ஒரு நாள் என் காரில் புறப்பட்டோம். பெரிய நெடுஞ்சாலையைத் தவிர்த்து, பழைய சாலை எங்கெல்லாம் மிஞ்சியிருக்கிறதோ அங்கெல்லாம் அதிலேயே போகவேண்டும் என்பது அவர் நிபந்தனை. சாயம் போன பலகைகள் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"'உயிருள்ள பாம்புகள், இலவசம்!' இந்த ஆளு பெரிய புளுகன். உள்ள போனா ஒரே ஒரு பாம்பு, அதுவும் தூங்கும்."

சாலையோரத்தில் ஒரு கான்கிரீட் டைனோசரைக் கண்டதும் காரை நிறுத்தச் சொன்னார். அதன் வால் ஒடிந்து கம்பி தெரிந்தது. "இதையா நான் ஊரையே பாக்க அனுப்புனேன்? ஏய் படிச்சவளே, இத எழுதிடாத. என் மானம் போயிடும்."

காலப் என்ற ஊரில் பச்சை மிளகாய் பர்கர் சாப்பிட்டோம். அவர் பாதியை வைத்துவிட்டார். அதன் பின் பலகைகளைப் படிக்கவில்லை. ஹோல்புரூக்கைத் தாண்டியதும் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார்.

பெட்ரோல் நிலையம் இப்போது டயர் கடையாக இருந்தது. நெட்டச்சி அங்கேயே நின்றாள். லவோன் இறங்கி, கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்து அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். வட்டமான இளஞ்சிவப்பு முகம், நீலக் கண்கள். லவோனின் கண்கள் பழுப்பு. மச்சம் இல்லை.

"நல்லாத்தான் இருக்கா. ஆனா நான் இல்ல" என்றார்.

கடைக்காரர் ரூபன் ஒர்னெலாஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "படம் எடுக்கவாம்மா? காசெல்லாம் வேணாம், எடுத்துக்குங்க."

"இவளுக்கு யாரு பெயின்ட் அடிச்சது?"

"நான்தான். எனக்கு முன்னாடி எங்கப்பா. இந்த வெயிலுக்கு நாலு வருஷம்கூடத் தாங்காதும்மா, உரிஞ்சிடும். ஒவ்வொரு தடவையும் கன்னத்துலதான் ரோதன. இடது பக்கம் ஒரு துரு இருக்கு. நாங்களும் அடிச்சு அடிச்சு மூடுறோம், பழுப்பா வெளிய வந்துட்டே இருக்கு."

லவோன் அவரைப் பார்க்கத் திரும்பினார். ரூபனின் பார்வை அவர் கன்னத்தில் நின்றது. அதற்குப் பிறகு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரூபன் ஏணியைச் சாத்தி, சாயம் சுரண்டும் கத்தியோடு ஏறினார். சாயம் செதில் செதிலாகக் கீழே விழுந்தது. அடியில் இருந்தது துரு அல்ல. கவனமாகத் தூரிகையால் வைத்த, தட்டு அளவுப் பழுப்பு வட்டம்.

"இவள மொதல்ல வரைஞ்ச ஓவியர் அப்பா காலத்துல ரெண்டு மூணு தடவ வந்திருக்காரும்மா" என்றார் ரூபன் ஏணியிலிருந்தே. "'கிழக்கேர்ந்து யாராவது வந்து இது யாருன்னு கேட்டாங்களா'ன்னு கேப்பாராம். யாரும் கேக்கலன்னு அப்பா சொல்லுவாரு. அப்புறம் வரல. செத்துட்டதா சொன்னாங்க."

"இங்கேர்ந்து எங்க ஊரு ஒரு நாள் தூரம்" என்றார் லவோன். "அவன்கிட்ட லாரி இருந்துச்சு. எங்கிட்டயும் வண்டி இருந்துச்சு."

மறுமுறை சாயமடிக்கும்போது மச்சத்தை மூடாமல் விட்டுவிடட்டுமா என்று ரூபன் கேட்டார். "கண்ணையும் பழுப்பாக்கு. நீலம் எனக்கு ஒத்துக்காது" என்று பதில் வந்தது.

காரில் ஏறியதும் எனக்கு ஒன்று தோன்றியது, அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "மிஸ் லவோன், அவ கிழக்கப் பாத்து நிக்கிறா. உங்க ஊர்ப் பக்கம்."

"எல்லாப் பொம்மையும் கிழக்கதான் பாக்கும் கண்ணு. கூட்டம் அங்கேர்ந்துதானே வரும்?"

நான் சாவியைத் திருகினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அணைச்சு வை. கொஞ்ச நேரம் ஆகட்டும்."