தார்ப்பாய்க்குள் பெய்த மழை

திண்டிவனத்தில் நான் பஸ் ஏறும் இடத்தை ஒட்டி நெல் கொள்முதல் நிலையம். போன தை மாதம் அங்கே ஒரு பெண் தன் நெற்குவியலோடு நாலு நாளாகக் காத்திருந்தார். ஒடிசலான உடம்பு, தலையில் ஆம்பளைத் துண்டு. அடிக்கடி ஒரு நெல்லைக் கடித்து, அது உடையும் சத்தத்தைக் கவனிப்பார். ஈரநெல் என்றால் எடுக்க மாட்டார்களே!

"சார், ராத்திரி மழ வருமா?" என்று ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிய என்னிடம் கேட்டார்.

விழுப்புரத்தில் அறிவியல் வாத்தியார் நான், கேட்டால் விடுவேனா? போனைப் பார்த்து, "வரும்க்கா. தார்ப்பாய இடுக்கில்லாம இறுக்கிக் கட்டுங்க" என்றேன். வெயிலில் கிடந்த நெல் சூடு ஆறுவதற்குள் கட்டிவிட்டார்.

மழை வரவில்லை, பனிதான் இறங்கியது. காலையில் தார்ப்பாயைத் தூக்கினால் அடிப்பக்கமெல்லாம் நீர் சொட்டியது. மேல்நெல் ஊறியிருந்தது. "ஈரம் ஜாஸ்தி, காயவச்சிக்கினு அடுத்த வாரம் வாம்மா" என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்கள்.

"வானத்துல மழ இல்ல. உள்ள எப்டி சார் பேஞ்சிது?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "நெல்லுச் சூட்டுல ஈரக்காத்து மேல கெளம்பும்க்கா. பனியில குளுந்த தார்ப்பாய்ல பட்டா தண்ணியாயிடும். மேகமும் இப்டித்தான்" என்று பாடம் நடத்தினேன்.

"இது உங்களுக்கு நேத்தே தெரியுமா சார்?"

தெரியும். வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்குப் படம் போட்டு நடத்துகிறேன்.

அவர் திட்டவில்லை. "பஸ்ஸு வந்துட்ச்சி, போங்க சார். புள்ளைங்க காத்துக்கினு இருக்கும்" என்றார்.

திட்டியிருந்தால் நாலு பேரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருப்பேன். திட்டாமல் அனுப்பியதை எப்படிச் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.