இரண்டு டப்பாவையும் தொட்டு நின்றவர்

செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக சாருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். மேடம் போன் செய்தார். "கஞ்சி வேண்டாம். அப்பா போயிட்டார்." எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. நாலு நாள் முன்னால் வெள்ளிக்கிழமை அவரைக் கால்பந்து விளையாட விட்டவள் நான்; மறுநாள்தான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

துபாய் சத்வா பகுதி மண் மைதானத்தில் அவரோடு ஆடிய தம்பிகளே, உங்களுக்கு அவர் வால்ட்டர் பாபா. எனக்கு சார். அமெரிக்காக்காரர், எண்பதை நெருங்கியவர், இங்கே மகள் வீட்டில் இருந்தார். நான் அங்கே வேலைக்கு இருப்பவள். "இதயம் பலவீனம், வெளியே விடாதே" என்பது மேடம் உத்தரவு. என் விசா அவர்கள் கையில்.

முதல் தடவை, டீ போட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். தையல் கடைகளுக்குப் பின்னால் கோலுக்கு நீங்கள் வைத்திருந்த இரண்டு பெயிண்ட் டப்பாவுக்கு நடுவில் கையை விரித்து நின்றார்.

"அக்கா, உங்க வீட்டு ஆளா? ஒரு பந்தையும் உள்ள விடமாட்டேங்கிறாரு. எங்க டீமுக்கு எடுத்துக்கிறோம்!" என்றார் பெயிண்டர் மாரிமுத்து.

"கூட்டிட்டுப் போயிடுங்கக்கா, புண்ணியமாப் போகும்" என்றது எதிர் டீம்.

அன்றைக்குத்தான் சார் தன் கதையை இங்கிலீஷில் சொன்னார், மாரிமுத்து அதை எனக்குத் தமிழில் சொன்னார். வாலிபத்தில் வாரமெல்லாம் கண்ணாடி ஃபேக்டரியில் டியூட்டி, ஞாயிற்றுக்கிழமை கோல்கீப்பர். சம்பளம் கிடையாது, பூட்ஸும் சொந்தக் காசில். ஒரு தடவை வெளிநாடு போய் ஆட நாட்டு டீமுக்கே கூப்பிட்டார்களாம். ஃபோர்மேன் லீவு தரவில்லை.

"அங்கேயுமா!" என்று நீங்கள் சிரித்தீர்கள். அவர் சிரிக்கவில்லை. "வேலை போயிடுமோன்னு பயந்து நின்னுட்டேன். என் இடத்துல வேற ஒருத்தன் நின்னான்" என்றார். நாற்பது வயது வரைக்கும் ஊர் டீமில் ஆடினாராம், அந்த அழைப்பு மட்டும் திரும்ப வரவில்லை.

அதைக் கேட்ட பிறகு என்னால் கதவைச் சாத்தி வைக்க முடியவில்லை. மேடம் வீட்டார் வெளியே போகிற வெள்ளிக்கிழமைகளில் நானே கூட்டி வந்தேன். ஆட்டம் தொடங்குமுன் அவர் குனிந்து இரண்டு டப்பாவையும் தொடுவார். ஏன் சார் என்று கேட்டேன். "பயமா இருக்கும்போது எங்க நிக்கிறோம்னு கையால தெரிஞ்சுக்கணும்" என்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள் மேடம் கூப்பிட்டார். "அப்பா வெளியே போனாரா?" இல்லை என்று சொல்லியிருக்கலாம், பார்த்தவர்கள் நீங்கள் மட்டும்தான். வாசலிலேயே நின்று, கதவு நிலையின் இரண்டு பக்கத்தையும் தொட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

மேடம் கேட்டார்: "கடைசியா எத்தனை பந்து தடுத்தார்?"

"நாலு மேடம். ஒண்ணு விட்டுட்டார்."

முகத்தை மூடிக்கொண்டார். என்னை ஊருக்கு அனுப்புவாரா என்று இன்னும் சொல்லவில்லை. என்னால்தான் சார் போனாரா என்று டாக்டரிடம் கேட்கவும் எனக்குத் தைரியமில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இப்படித் தொட்டு நிற்கிற பழக்கம் ஒன்றுதான். தினமும் காலையில் அவர் அறையைப் பெருக்கப் போகும்போது நிலையின் இரண்டு பக்கத்தையும் தொடுகிறேன். பயம் போகவில்லை. நிற்கிறேன்.