காந்தம் ஒட்டாத பானெட்

எங்கள் தெருமுனைப் பட்டறையின் டிங்கர் மாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் எழுத வேண்டும். நசுங்கிய தகரத்தை நிமிர்த்துவது அவர் பிழைப்பு. மற்ற டிங்கர்களின் மானத்தை நசுக்குவது பொழுதுபோக்கு. இதற்கென்றே பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கண்ணில் பட்ட வண்டியிலெல்லாம் வைத்துப் பார்ப்பார். தகரமென்றால் ஒட்டும். துரு தின்ற ஓட்டையைப் பட்டி பூசி மறைத்திருந்தால் விழும். விழுந்தால் அன்றைக்கு அவருக்குப் பசியே எடுக்காது.

"வண்டியாப்பா இது? பவுடர் போட்ட பொணம்," என்று வண்டிக்காரரிடமே சொல்லிவிட்டு நடப்பார்.

மகளைக் கொடுத்த வீட்டில் ஒரு கிழட்டு டிராக்டர் துருவேறிக் கிடந்தது. அந்த வீட்டில் மகளுக்கு இருந்த மரியாதையில் பாதி, அப்பாவின் கைவேலைப் பெருமையால் வந்தது. மாஸ்டர் விடுவாரா?

"நாலே நாள், சம்பந்தி. ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி நிக்கும்." அதோடு நில்லாமல் காந்தத்தையும் சம்பந்தி கையில் திணித்தார். "எங்க வேணா வெச்சுப் பாருங்க."

மட்கார்டுகள் ஒழுங்காக வந்தன. அரித்த இடத்தை வெட்டிப் புதுத் தகரம் பற்றவைத்தார். என்ஜினை மூடும் பானெட்தான் காலை வாரியது. வெல்டிங் பட்ட இடமெல்லாம் பொத்துக்கொண்டு, காசளவு ஓட்டை உள்ளங்கையளவானது. பக்கவாட்டுத் தகரத்தையே மாற்ற வேண்டும். அதற்கு இன்னும் நாலு நாள் தவணை கேட்க வேண்டும். தவணை கேட்டதே இல்லை என்பது அவருடைய மற்றொரு பெருமை. பட்டறைக் கதவைச் சாத்தினார். அலுமினிய வலை வைத்து, பட்டியை அப்பு அப்பென்று அப்பினார்.

சாப்பாட்டோடு வந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "இது யாரு செஞ்ச வேலைங்க?"

"பெயின்ட் நாத்தம். வெளிய போ."

மாஸ்டரே ஓட்டிவர, டிராக்டர் செக்கச்செவேலென்று வீடு திரும்பியது. சம்பந்தி அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வைத்திருந்தார். "எங்க சம்பந்தி கை பட்ட தகரம், பாருங்க," என்று பானெட்டின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்துக் கையை எடுத்தார்.

விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

டீ கொண்டுவந்த மகள் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சம்பந்தி குனிந்து எடுத்தார். "பழைய காந்தம். சக்தி போயிருச்சு. வாங்க, டீ ஆறுது," என்று பைக்குள் போட்டுக்கொண்டார். உள்ளேயிருந்த சாவிக்கொத்தைக் காந்தம் டக்கென்று கவ்விய சத்தம் அத்தனை பேருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மாஸ்டர் பிழைத்திருப்பார்.

டீயை அப்படியே வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

"விடுங்க சம்பந்தி, யாரு பாக்கப் போறா?"

"எனக்குத் தவணை வேணும், சம்பந்தி." தரையைப் பார்த்துச் சொன்னார்.

கழற்றிய பானெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். தோள்வரை மறைத்தது. அவர் செய்த வேலைகளிலேயே அந்த நேரத்துக்கு உதவிய வேலை அதுதான். ஆனால் கிரீஸ் படிந்த அந்தக் கால்களைத் தெருவில் தெரியாதவர் யார்? டீக்கடை பெஞ்சு முழுவதும் பேச்சை நிறுத்தி வழிவிட்டது.

பின்பக்கப் பாரம் திடீரென்று குறைந்தது. யாரோ தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"மெதுவா நடங்கப்பா," என்றது மகளின் குரல். "காந்தத்தை மாமாகிட்ட வாங்கிட்டு வந்துட்டேன். முடிச்சதும் நானே வெச்சுப் பாக்கறேன்."