எனக்கு வராத கனவு

கணவர் மௌத்தாகி, வெளியே போகாமல் நான் இத்தாவில் இருந்த மாதங்களில், என் அறைக்கு வந்த பெண்களெல்லாம் ஆளுக்கொரு கனவோடு வந்தார்கள். புருஷனை இழந்து அறைக்குள் இருப்பவளுக்கு அதைக் கேட்பது ஆறுதல் என்று எங்கள் ஊரில் ஓர் எண்ணம்.

"காக்காவக் கனவுல கண்டன் மதினி. வெள்ளச் சட்டையோட சிரிச்சிட்டு நிண்டாரு," என்றாள், அண்ணனைக் காக்கா என்றே அழைக்கும் அவருடைய தங்கை. பக்கத்து வீட்டுக்காரியின் கனவிலும் வந்து சிரித்தாராம். உயிரோடு இருந்த காலத்தில் அந்த மனிதர் பெருநாளைக்குக்கூட அவளைப் பார்த்துச் சிரித்ததில்லை. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. கண்ணை மூடினால் இருட்டு, திறந்தால் சுபஹு பாங்கு. மனத்தாங்கலோடு போனவர் கனவில் வரமாட்டார் என்று மாமி யாருக்கோ சொன்னது என் காதிலும் விழுந்தது. அதுவே என்னை அரித்தது. என்னோடு அவருக்கு என்ன கோபம்? கேட்க ஆள் இல்லை. அழுகையும் வரவில்லை. நெஞ்சு மரக்கட்டையாய்க் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை பார்க்கும் மகளிடம்தான் கடைசியில் சொன்னேன். அவருடைய மையித்தை எடுத்த நாளிலிருந்து நித்திரைக்காக நான் விழுங்கிவந்த குளிசையை அவள் கையில் எடுத்தாள்.

"உம்மா, நித்திரையில ஒரு கட்டம் இரிக்கி. கண் மூடித்தான் இரிக்கும், ஆனா முழி உள்ளுக்க ஓடும். விடியப்பக்கம்தான் அது கூடுதலா வரும். கனவு வாறதும் அப்பதான், மனசு கவலைய ஆத்திக்கிறதும் அப்பதான். இந்தக் குளிசை அதக் கொறைச்சிரும். வாப்பா கோவிக்கல்ல."

டொக்டரிடம் கேட்டுக் குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். சில நாட்கள் நித்திரையே இல்லை. பிறகு ஒரு விடியலில் அவர் வந்தார்.

வெள்ளைச் சட்டையும் இல்லை, சிரிப்பும் இல்லை. பழைய சாரனோடு குசினியில் அடுப்பருகே உட்கார்ந்து, சோற்றில் மீன் ஆணத்தை ஊற்றி ஒரு வாய் வைத்து முகத்தைச் சுழித்தார்.

"உப்புப் போட மறந்திட்டியா?"

"வேணுமெண்டா அள்ளிப் போட்டுக்கங்க," என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் மௌத்தானது கனவில் எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த அதே மனிதர், அதே கடுகடுப்பு.

"எடுத்துத் தா," என்றார்.

உப்பை எடுக்க எழுந்தேன். விழித்துப் பார்த்தால் இத்தா அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் அழுதேன், மாதக்கணக்கில் வராதிருந்ததெல்லாம் சேர்த்து. மகள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"வாப்பா வந்தாரா உம்மா?"

"ஓம் மகள். உப்பு எடுக்க வந்திட்டன். அவரு சோத்த வச்சிட்டுக் காத்திட்டிரிக்காரு."