இரண்டு பூட்டுப் போட்ட வண்டி

கடப்பாரை தரையில் கிடந்தது. அதைச் சுற்றிப் பெருங்கூட்டம் நின்றது. ஒருவரும் அதை எடுக்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்காகப் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த நான் ஏதோ அடிதடி என்றுதான் நினைத்தேன். அடிதடி இல்லை. ஷெட்டின் கதவில் இரண்டு பூட்டுகள். ஒன்று திறந்து தொங்கியது. மற்றதன் சாவி தி. நகரில் இருந்தது.

இளைய அலுவலர்களுக்கு முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி வந்த விதம்

நான் ஊராட்சி ஒன்றியத்தில் விரிவாக்க அலுவலர். வீடு மயிலாப்பூரில், வேலை அடையாற்றுக்குத் தெற்கே. பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் அப்போது வயலும் ஏரியும்தான். அங்கே அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். பெயர் வேண்டாம், ஏரிக்கரை ஊர், கால்வாய் ஊர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் நர்ஸ் இருந்தார், மற்றதில் தார் ரோடு இருந்தது. ஏரித் தண்ணீர் விடுவதில் பழைய பகை. தனித்தனியாக எதையும் செய்துகொள்ள இரண்டுக்கும் வசதி இல்லாததால், பேசிப் பேசி ஒரு ஜாயின்ட் கமிட்டி அமைத்தோம். குடிநீர்க் குழாய் வந்தது, தெருவிளக்கு வந்தது. பிறகு, நோயாளிகளைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு பழைய வேன் வாங்கி, இரண்டு ஊருக்கும் நடுவில் ஷெட் போட்டோம்.

சாவி யாரிடம் இருப்பது என்பதில் கமிட்டியே கலைய இருந்தது. அவர்களிடம் கொடுத்தால் கல்யாணத்துக்கு ஓட்டுவார்கள் என்றார்கள் இவர்கள். இவர்களிடம் கொடுத்தால் மீன் ஏற்றுவார்கள் என்றார்கள் அவர்கள். கோயில் உண்டியலுக்குச் செய்வதுபோல இரண்டு பூட்டுப் போட்டு, தலைவர்களிடம் ஆளுக்கொரு சாவி கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர். எல்லோர் முகமும் தெளிந்தது. உண்டியலை எப்போதாவது திறந்தால் போதும் என்பது அன்று யாருக்கும் தோன்றவில்லை.

கடப்பாரை

ஏரிக்கரை ஊர் முனுசாமியின் மகள் வள்ளிக்குத் தலைப்பிரசவம். ரத்தப்போக்கு நிற்கவில்லை, உடனே கொண்டுபோக வேண்டும், மாட்டு வண்டி ஆட்டம் தாங்கமாட்டாள் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். ஏரிக்கரைத் தலைவர் ஓடிவந்து தன் பூட்டைத் திறந்தார். கால்வாய் ஊர்த் தலைவர் தேவராஜன் மகளின் முகூர்த்தப் புடவை எடுக்கக் குடும்பத்தோடு தி. நகர் போயிருந்தார். சாவி அவர் அரைஞாணில். சைக்கிளில் ஒருவன் தேடிப் போயிருந்தான். பனகல் பார்க்கைச் சுற்றியுள்ள கடைகளில் எந்தக் கடையில் போய்த் தேடுவது?

பூட்டை உடைக்க வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"நாங்க கை வெச்சா, வண்டிய அடிச்சினு போவப் பாத்தானுங்கன்னு இவங்களே நாளைக்குச் சொல்வாங்க சார்" என்றார் ஏரிக்கரைத் தலைவர்.

கால்வாய் ஊர்க்காரர்களோ, தங்கள் தலைவர் பூட்டைத் தாங்களே உடைத்தால் அவருக்கு யார் பதில் சொல்வது என்றார்கள். டிரைவர் ஜகந்நாதனைப் பார்த்தேன்.

"நான் ரெண்டு ஊர் சோறு துன்றவன் சார். யார் பக்கம்னு அடிக்கிறது?"

அப்போது முனுசாமி வந்தார். கடப்பாரையை எடுத்தார். இரண்டு ஊர்க்காரர்களும் பாய்ந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் மட்டும் ஒற்றுமை இருந்தது.

அவர் கையிலிருந்து வாங்கி நான் அடித்தேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை, பூட்டு அசையவில்லை. அதன் பிறகு ஜகந்நாதன் கைகொடுத்தார். கதவு திறந்தது.

வள்ளியை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நான் முன்சீட்டில் இருந்தேன். அடையாறு பாலத்தில் ஏறும்போது, பின்னாலிருந்து நர்ஸ் வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. முனுசாமிக்குப் புரியவில்லை.

"இன்னாத்துக்கும்மா மெதுவா? வேகமாப் போவச் சொல்லும்மா."

ஜகந்நாதன் வேகத்தைக் குறைத்தார். வயிற்றில் இருந்த குழந்தையும் பிழைக்கவில்லை.

மாலையில் ஊருக்குத் திரும்பியபோது தேவராஜன் ஷெட்டின் முன்னால் புடவைக் கட்டோடு நின்றிருந்தார். "நம்ம பூட்ட யார்யா ஒடச்சது?" என்றார். வண்டிக்குள் இருந்ததைப் பார்த்தார். கட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றார்.

இப்போது இதை ஏன் எழுதுகிறேன்

அப்போது என் பெண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அவள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். லஸ் முனை டாக்சி ஸ்டாண்டில் தினமும் போய், வண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். "பொண்ணுக்கு இன்னும் நாள் கீதுன்ற, டெய்லி வந்து என் மூஞ்சியப் பாத்துட்டுப் போறியே நைனா. பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்ளோ தபா வரமாட்டான்" என்று சிரிக்கிறார் அங்குள்ள டிரைவர். நானும் சிரித்துவிட்டு வருகிறேன். வீட்டில் வாசல் கதவைத் தாழ்ப்பாளோடு விட்டுவிடுகிறோம். பூட்டுப் போட நான் சம்மதிப்பதில்லை. என் மனைவி ஏன் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

கமிட்டி மறுபடி கூடியது

வள்ளி இறந்த பிறகு ஷெட் கதவையே கழற்றிவிடச் சொன்னேன். சில வாரங்களில் வேனின் ஸ்டெப்னி டயர் திருட்டுப் போயிற்று. கமிட்டியில் இரு தரப்பினரும் ஒருவரையொருவர் குத்திக் காட்டினார்கள். மறுபடி கதவு, மறுபடி பூட்டு என்பதில் மட்டும் எல்லோரும் சம்மதித்தார்கள். எத்தனை பூட்டு என்ற பேச்சும் ஆரம்பித்தது. ஸ்டெப்னி போனால் போகட்டும் என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

கமிட்டியில் இல்லாத முனுசாமி வாசலோரம் எழுந்து நின்றார்.

"பூட்டிக்குங்க. ஒரே பூட்டு. சாவிய என்னாண்ட குடுங்க. நான் எங்கியும் போவ மாட்டேன்."

தேவராஜன்தான் எழுந்து போய், வாங்கி வந்திருந்த புதுப் பூட்டின் சாவியை அவர் கையில் வைத்தார்.

பொதுவாக ஒரு வசதி செய்யும்போது, அதை யார் துஷ்பிரயோகம் செய்வார்கள் என்று நாம் நெடுநேரம் பேசுகிறோம். உயிர் போகிற அவசரத்தில் ஓடிவருகிறவன் யாரிடம் போய் நிற்பான் என்பதை முதலில் பேசுங்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

போன மாதம் முனுசாமியின் தம்பி மகனுக்கு வடபழனி கோயிலில் கல்யாணம். வீட்டில் எல்லோரும் போனார்கள். அவர் போகவில்லை.