சந்தனத்தில் உதிர்ந்த எண்கள்

நன்னிலம் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் மெஷின்களுக்கு கிரீஸ் வைப்பது, பெல்ட் மாற்றுவது என் வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். முதலாளி கம்ப்யூட்டர் வாங்கி, ஒவ்வொரு மோட்டாருக்கும் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார். எந்த எண்ணுக்கு எப்போது கிரீஸ் வைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரே பட்டியல் கொடுக்கும். முடித்ததும் பதிந்துவிட வேண்டும். பதிந்தது பதிவாகியிருக்கிறதா என்று மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்ப்பேன். கூட இருந்த ஃபிட்டர் சிரிப்பார். அவரும் சிங்கப்பூர் போய்விட்டார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான் மட்டும்தான் மெஷின்களைத் துடைத்தேன். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம், குங்குமம் வைத்தேன். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் மோட்டார்கள் இரண்டிலும் மூன்று, நான்கு என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கள் உரிந்து விழுந்தன. மறுநாள் பசை தடவி, குத்துமதிப்பாக ஒட்டினேன். எது எதிலிருந்து விழுந்தது என்று கேட்க ஆளில்லை.

அடுத்த வாரம் மூன்றாம் எண்ணுக்கு கிரீஸ் வைக்கச் சொல்லிப் பட்டியல் வந்தது. வைத்தேன். உள்ளே போகாமல் புது கிரீஸ் வெளியே பிதுங்கியது. பூஜைக்கு முன்னால் நான்காம் எண்ணுக்கு வைத்தது நினைவுக்கு வந்தது; ஸ்டிக்கரை மாற்றி ஒட்டியிருக்கிறேன். பக்கத்து மோட்டாரைத் தொட்டேன். கிரீஸ் காய்ந்து, பேரிங் கை வைக்க முடியாமல் சுட்டது. குறுவை நெல் வாசலில் லாரி லாரியாக நின்றது. அந்த மோட்டார் போனால் மில்லே நிற்கும், எனக்கும் வேலை இருக்காது. சத்தமில்லாமல் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டிவிடலாம். ஆனால் கம்ப்யூட்டரில் பொய் இருக்குமே. அந்த நினைப்பில் மதியச் சோறு இறங்கவில்லை. ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். "பொட்டு வச்சு மெஷினுக்குப் பேரையே மாத்திட்டியா? போ, நிறுத்திட்டு முதல்ல கிரீஸ் வை."

வைத்தேன். சாயங்காலத்துக்குள் சூடு தணிந்தது. அவரே உட்கார்ந்து பதிவைத் திருத்தினார். பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயருக்குக் கீழே ஃபிட்டர் பெயர் இன்னும் இருந்தது.

"இவன்தான் போயிட்டானே, எடுத்துரவா?"

"இருக்கட்டுங்க," என்றேன்.

"மூணு தடவை திரும்பிப் போய்ப் பார்க்கறப்போ சிரிக்க ஒரு ஆள் வேணும்ல."