கவிழ்ந்த வாளி

பாரிஸில், ஸ்டாலின்கிராட் மெத்ரோ பக்கம் ஒரு தியேட்டரில் பழைய பிரிட்டிஷ் மௌனப்படம் போட்டார்கள். வங்கிக் கொள்ளைக் கதை. பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு அக்கா. லா சப்பல் தமிழ்க் கடையில் வாங்கிய மரக்கறிப் பையை மடியை விட்டு இறக்கவேயில்லை. தானும் ஒரு வங்கியில்தான் துப்புரவு வேலை என்றார்.

படத்தில் கொள்ளை நடந்ததும் பொலிஸ் வந்து, நிலம் துடைப்பவளின் வாளியைத்தான் முதலில் கவிழ்த்தது. அக்கா எழும்பிவிட்டார்.

"மனேச்சரின்ரை பையைப் பாரடா முதல்லை!"

பின்னால் "உஷ்" என்றார்கள். நான் மெல்ல அவர் கையைத் தொட்டேன்.

"படத்திலை சத்தமே இல்லை. நான் கதைச்சால் ஆருக்கு என்ன கேக்காமல் போகுது?" என்றார். இருக்கையில் அமரவில்லை.

கடைசியில் கள்ளன் பிடிபட, எல்லோரும் கைதட்டினோம். அவர் தட்டவில்லை.

"என்னக்கா, கள்ளனைப் பிடிச்சிட்டாங்கள்தானே?"

"ஓம். அந்த மனிசியிட்டை மன்னிப்புக் கேட்டவங்களோ?"

படத்தில் யாரும் கேட்கவில்லை. தட்டிக்கொண்டிருந்த கைகளை இறக்கினேன்.